கருணைக்கு ஒரு பாடவேளை

கருணையைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்ற கேள்வி பழையது. கற்றுக்கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லத் தொடங்கியது சமீப காலத்தில்தான். 1960-ன் மிருகவதைத் தடுப்புச் சட்டம், தான் உண்டாக்கும் வாரியத்துக்கு உரிய வேலைகளைப் பட்டியல் போடும்போது, பிராணிகளை மனிதத்தன்மையோடு நடத்துவது குறித்துக் கல்வி புகட்டுவதையும் சேர்த்திருக்கிறது. 1976-ல் 42-வது திருத்தம் உயிர்களிடத்தில் கருணை காட்டுவதைக் குடிமகனின் அடிப்படைக் கடமைகளில் ஒன்றாக்கியது. 2014-ல் ஜல்லிக்கட்டைத் தடைசெய்த உச்சநீதிமன்றத் தீர்ப்பு, வாரியம் இந்தக் கல்விப் பணியைச் செய்ய வேண்டும் என்றும் உத்தரவிட்டது. (அந்தத் தடை 2017-ல் மெரினாவுக்குப் பிறகு வந்த தமிழ்நாட்டுத் திருத்தச் சட்டத்தால் நீங்கியது, 2023-ல் அரசியல் சாசன அமர்வு அத்திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. தடையைப் பற்றி ஊரே வாதிட்டது. கல்வியைப் பற்றிய வரியின் மேல் வாதிட்டவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.)

இந்தக் கல்வி வகுப்பறைக்குள் எப்படி வந்து சேர்கிறது என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தரம், பெரும்பாலும் அக்டோபர் 4-ஆம் தேதி வரும் உலகப் பிராணிகள் தினத்தை ஒட்டி, நல்ல மனசுள்ள ஒருவர் நகரத்திலிருந்து வருகிறார். படங்கள் காட்டுகிறார். கையை நீட்டிக்கொண்டு ஒரு உறுதிமொழி. பிறகு ஓவியப் போட்டி, சான்றிதழ். மணி அடிக்கிறது. அடுத்த பாடவேளை கணக்கு.

இதைக் கேலி செய்வது சுலபம். கேலி செய்துவிட்டு நகர்ந்துவிடுவதும் சுலபம். ஆனால் இதன் பின்னால் ஒரு நூற்றைம்பது வருஷ நம்பிக்கை இருக்கிறது. அதை அதற்குரிய மரியாதையோடு பார்த்துவிட்டுத்தான் மறுக்க வேண்டும்.

1868 பிப்ரவரியில் அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸில் இரண்டு குதிரைகளை, ஒவ்வொன்றும் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு ஓட, 40 மைல் பந்தயம் விட்டார்கள். இரண்டும் செத்தன. செய்தியைப் படித்த ஜார்ஜ் ஏஞ்சல் என்ற பாஸ்டன் வக்கீல் அதே வருஷத்தில் அந்த மாநிலத்தின் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். வழக்குப் போட்டுத் தண்டிப்பதால் ஒன்றும் ஆகாது, பெரியவர்கள் கெட்டியாகிப் போனவர்கள், பிள்ளைகளைப் பிடிக்க வேண்டும் என்பது அவருடைய தீர்மானம். இங்கிலாந்தில் 1875-ல் தோன்றியிருந்த 'கருணைக் குழு' என்ற சிறுவர் அமைப்பை 1882-ல் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். குழுவில் சேரும் பிள்ளைக்கு ஒரு பிரமாணம், ஒரு சின்னம், பாடப் பாட்டுகள். 1889-ல் கல்விக்கென்றே தனிச் சங்கம். 1890-ல் அன்னா சூவெலின் 'பிளாக் பியூட்டி'யை மலிவாக அச்சடித்து நாடெங்கும் இறைத்தார். இன்று உலகத்தின் எந்த மூலையிலும் பள்ளிப் பிள்ளை பிராணிகளுக்காகக் கை நீட்டி உறுதிமொழி சொல்லும்போது ஏஞ்சலின் கை அதில் இருக்கிறது.

சாரணர் இயக்கமும் இதே காலத்து மனோபாவத்தின் வாரிசு. 1908-ல் பேடன் பவல் எழுதிய சாரணர் விதிகளில் ஆறாவது, சாரணன் பிராணிகளின் நண்பன் என்கிறது. அதே பேடன் பவல் 1889-ல் குதிரை மேல் இருந்து காட்டுப்பன்றியை ஈட்டியால் குத்தும் வேட்டையைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியவர். இந்தியாவில் ராணுவத்தில் இருந்தபோது அதில் தேர்ந்தவர். இதைப் பொய்வேஷம் என்று நான் சொல்லமாட்டேன். அவருக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம்.

ஏன் மோதவில்லை? மேற்கின் அறச்சிந்தனை இந்தக் கல்விக்குக் கொடுத்த நியாயத்தில் விடை இருக்கிறது. 1693-ல் ஜான் லாக், சின்னப் பறவைகளையும் பூச்சிகளையும் வதைக்கும் பிள்ளையின் மனம் மெல்ல மனிதர்களிடத்திலும் கல்லாகிவிடும், எனவே அதைத் தடுக்க வேண்டும் என்று எழுதினார். 1751-ல் ஹோகார்த் இதையே நான்கு செதுக்குப் படங்களாகப் போட்டார்: முதல் படத்தில் நாயை வதைக்கும் பையன், இரண்டாவதில் குதிரையை அடிக்கிறான், மூன்றாவதில் பெண்ணைக் கொல்கிறான், நான்காவதில் தூக்கிலிடப்பட்ட அவன் உடலை வைத்தியர்கள் அறுக்கிறார்கள். கான்ட் தன் வகுப்புகளில் இந்தப் படங்களைக் குறிப்பிட்டிருக்கிறார். அவருடைய தர்க்கத்தில் பிராணிக்கு நாம் நேரடியாகக் கடன்பட்டவர்கள் அல்ல. பிராணியிடத்தில் காட்டும் கருணை மனிதரிடத்தில் காட்ட வேண்டியதற்கு ஒரு பழக்கம், ஒரு ஒத்திகை. ஷோபன்ஹவர் இதைக் கண்டு கொதித்தார். அவர் கொதித்தது சரி. ஆனால் பள்ளிக்கூடங்கள் எடுத்துக்கொண்டது கான்ட்டைத்தான். இன்றும் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கப் போகிறவர் என்ன சொல்கிறார்? இந்த வகுப்பால் பிள்ளைகளின் முரட்டுத்தனம் குறையும், ஒழுக்கம் வளரும் என்கிறார். நாய்க்கு வலிக்கிறது என்பதற்காக ஒரு பாடவேளை கேட்டால் கிடைக்காது.

இந்த நியாயத்தில் நாய் காணாமல் போகிறது என்பது ஒரு குறை. இன்னொரு குறை, இது அனுபவத்துக்குப் பொருந்துவதில்லை. அதற்கு நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. நம் பாடப்புத்தகத்தில் கடையெழு வள்ளல்கள் வரிசையில் பேகன் நிற்கிறான். மழைக்காலத்து மயில் ஆடுவதைக் குளிரில் நடுங்குவதாக எண்ணிப் போர்வையைக் கொடுத்தவன். கருணை வகுப்புக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஆனால் புறநானூற்றில் அவனைப் பற்றி இன்னொரு கொத்துப் பாட்டுகள் இருக்கின்றன. பாடப்புத்தகம் அவற்றைப் பேசுவதில்லை. வையாவிக் கோப்பெரும்பேகன் தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியிடம் இருந்தான். அந்தக் கண்ணகியின் அழுகையைக் கேட்டுவிட்டுக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் என்று நான்கு புலவர்கள் அவனிடம் போய்ப் பாடுகிறார்கள். பரணர் மயிலையே நினைவூட்டி அவனைக் கூப்பிட்டுவிட்டு, எனக்குப் பசியில்லை, பரிசில் வேண்டாம், இன்றிரவே தேரேறி வீட்டுக்குப் போ, அதுதான் நான் கேட்கும் பரிசில் என்கிறார். குளிராத மயிலின் குளிர் தெரிந்த கண்ணுக்கு அழுகிறவளின் அழுகை தெரியவில்லை. புகழின் நடுவே சங்கக் கவிஞன் இதைச் சொல்ல அஞ்சவில்லை. நாம்தான் மயிலை வைத்துக்கொண்டு கண்ணகியை வெட்டிவிட்டோம்.

இதன் கோரமான பதிப்பும் சரித்திரத்தில் உண்டு. 1933 நவம்பரில், ஆட்சிக்கு வந்த வருஷத்திலேயே, நாஜி அரசாங்கம் அந்தக் காலத்தின் மிக விரிவான பிராணிப் பாதுகாப்புச் சட்டங்களில் ஒன்றை இயற்றியது. இவை விதிவிலக்குகள், பொதுவாகக் கருணை பரவும் குணமுள்ளது என்று பதில் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் பரவும் என்பது மட்டுமே காரணமென்றால், பரவாத இடத்தில் காரணமே இல்லாமல் போய்விடும். பிராணியின் வலி தன்னளவில் ஒரு காரணமாக நிற்க வேண்டும். அப்படி நிற்க முடியாவிட்டால் வகுப்பை மூடிவிடலாம்.

இனி பிள்ளைகளிடம் வருவோம். கருணைக் கல்வியின் ஆதாரமான பிழை, பிள்ளையை ஒன்றும் எழுதாத சிலேட்டு என்று நினைப்பது. கிராமத்துப் பையன் எட்டு வயசுக்குள் பிராணிகளைப் பற்றி ஒரு முழுப் படிப்பை முடித்துவிடுகிறான். தென்னை ஈர்க்கில் சுருக்குப் போட்டு ஓணானைப் பிடிக்கவும், அதன் வாயில் மூக்குப்பொடியைத் திணித்து அது கிறங்கிச் சுழல்வதைப் பார்க்கவும், கல்லால் அடித்துக் கொல்லவும் அவனுக்குத் தெரியும். இதை அவன் வெறும் குரூரத்தால் செய்வதாக நினைக்கிறவர் அவனோடு பேசிப் பார்த்ததில்லை. அவனிடம் நியாயம் இருக்கிறது. ராமன் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரம் கொடுத்தது. ஆகவே அணிலின் முதுகில் மூன்று கோடு, ஓணானுக்குக் கல். ஒரே கதை ஒரு பிராணியைக் காப்பாற்றுகிறது, இன்னொன்றைக் கொல்லச் சொல்கிறது. கொல்கிற பையன் தர்மத்தை நிலைநாட்டிக்கொண்டிருக்கிறான்.

கற்றுக்கொடுக்க முடியுமா என்ற கேள்விக்கு ஓணான் ஒரு பதில். முடியும். கதை ஒன்று போதும். தலைமுறை தலைமுறையாக வேலை செய்கிறது. எதிர்க்கதை ஒன்று சொல்லிவிட்டால் போதும் என்று அவசரப்படுகிறவர்களுக்கு என் சந்தேகம் வேறு. ஓணான் நல்லது, பூச்சியைத் தின்று விவசாயிக்கு உதவுகிறது என்று சொன்னால் அதன் மேல் விழுந்த தீர்ப்பை மாற்றினோமே தவிர, தீர்ப்பு எழுதும் பழக்கத்தை மாற்றவில்லை. உதவாத பிராணி அடுத்த கல்லுக்குக் காத்திருக்கும்.

பொன்வண்டு இன்னும் சிக்கலானது. அதைத் தீப்பெட்டிக்குள் வைத்து, இலை கிள்ளிப் போட்டு, முட்டை இட்டதா என்று மணிக்கொரு தரம் திறந்து பார்க்கும் சிறுமியிடம் கருணை இல்லையென்று யார் சொல்ல முடியும்? பள்ளிக்கூடத்துக்குப் பைக்குள் வைத்து எடுத்துப் போகிறாள். இரவில் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறாள். மூன்றாம் நாள் அது செத்துக் கிடக்கிறது. அன்பு குறைவாக இருந்ததால் சாகவில்லை. பொன்வண்டுக்கு என்ன வேண்டும் என்பது தெரியாததால் செத்தது. கருணைக் கல்வி உணர்ச்சியை ஊட்டுவதிலேயே குறியாக இருக்கிறது. உணர்ச்சி அங்கே ஏற்கெனவே ததும்பிக்கொண்டிருக்கிறது. இல்லாதது அறிவு. மயிலுக்குக் குளிர்கிறதா என்று பேகன் விசாரிக்கவில்லை.

அன்பையும் அருளையும் குறள் ஒரே இடத்தில் வைக்கவில்லை என்பதை நம் நீதிபோதனை ஆசிரியர்கள் கவனிப்பதில்லை. அன்புடைமை இல்லறவியலில் வருகிறது. அருளுடைமையும் அதை அடுத்த புலால் மறுத்தலும் துறவறவியலில் வருகின்றன. தொடர்புடையோரிடம் தோன்றுவது அன்பு. தொடர்பு கருதாமல் எல்லா உயிர்மேலும் செல்வது அருள் என்பது உரைகாரர் செய்யும் வேறுபாடு. துறவியிடம் எதிர்பார்த்ததை நாம் ஆறாம் வகுப்புப் பையனிடம் எதிர்பார்க்கிறோம், அதுவும் முக்கால் மணி நேரத்தில். வள்ளுவர் இன்னொன்றும் சொல்லிவைத்தார்: அருள் என்பது அன்பு ஈன்ற பிள்ளை, அதை வளர்க்கும் செவிலி செல்வம். பொருள் செயல்வகையில் இது வருகிறது என்பதே ஒரு விமர்சனம். கையில் காசு இருக்கிறவனுக்குக் கருணை வளர்வது சுலபம் என்று அறநூல் எழுதியவருக்கே தெரிந்திருந்தது.

வண்டி மாட்டை அடிக்கிறவன் எப்போதும் ஏழையாகவே இருப்பது தற்செயல் அல்ல. 1868-ல் இங்கிலாந்தின் மிருகவதைத் தடுப்புச் சங்கம் கொடுக்க வந்த துணைத்தலைவர் பதவியை ஜான் ஸ்டூவர்ட் மில் மறுத்தார். சங்கம் எளியவர்களின் குற்றங்களையே துரத்துகிறது, செல்வாக்குள்ளவர்களின் குற்றங்களைத் தொடுவதில்லை என்பது அவர் குறை. 'பிளாக் பியூட்டி'யின் கதையும் இதுதான். 1877-ல் அது வெளிவந்தபோது அன்னா சூவெல் குழந்தைகளுக்காக எழுதவில்லை. குதிரைகளோடு பிழைப்பவர்களுக்காக எழுதினார். அந்தப் புத்தகத்தின் கோபம் ஒரு குறிப்பிட்ட வார்ப்பட்டையின் மேல்: குதிரையின் தலை கம்பீரமாக நிமிர்ந்து நிற்க வேண்டும் என்பதற்காகக் கழுத்தை மேலே இழுத்துக் கட்டிவைக்கும் வார். அதைக் கட்டச் சொன்னது வண்டிக்காரன் அல்ல, வண்டிக்குள் உட்கார்ந்திருந்த சீமாட்டி. பள்ளிக்கூடத்துக்குள் வந்தபோது வார் பின்தங்கிவிட்டது, கண்ணீர் மட்டும் மிஞ்சியது.

நம் சட்டத்துக்குக் காரணமானவரை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். 1952-ல் ராஜ்யசபைக்கு நியமிக்கப்பட்ட ருக்மிணி தேவி அருண்டேல் 1953-ல் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். நேரு அரசே மசோதா கொண்டுவரும் என்று உறுதி சொன்னபின் திரும்பப் பெற்றுக்கொண்டார். 1960-ல் சட்டம், 1962-ல் சென்னையில் வாரியம். அவரே முதல் தலைவர். (வாரியத்தின் அலுவலகம் 2018-ல் ஹரியாணாவுக்குப் போய்விட்டது.) ஒரு தனிமனுஷியின் பிடிவாதம் இவ்வளவு தூரம் போனது சாதாரண காரியமில்லை. ஆனால் சதிரைக் கலாக்ஷேத்ராவுக்குள் கொண்டுவந்து கழுவித் துடைத்த அதே ரசனைதான் இங்கேயும் வேலை செய்தது என்று எனக்குப் படுகிறது. அந்தக் கழுவலில் போனது என்ன என்று பாலசரஸ்வதி கேட்டுக்கொண்டே இருந்தார். கருணையையும் ஒரு நாகரிகமாக, மேன்மக்களின் மென்மையாக வைக்கிறபோது அதே கேள்வி எழும்.

எழுகிறது, மிக உரத்து. தமிழ்நாட்டு வகுப்பறையில் கருணை என்று கரும்பலகையில் எழுதிய மறுகணம் அது சைவமாகிவிடுகிறது. கசாப்புக் கடைக்காரரின் மகனும், தோல் பதனிடுகிறவரின் மகளும், மாட்டிறைச்சி சமைக்கும் வீட்டுப் பிள்ளையும் அந்த வகுப்பில் குற்றவாளிகளாக உட்கார்ந்திருக்கிறார்கள். ஆசிரியர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்துப் பெஞ்சு திரும்பிப் பார்த்தால் போதும். தீண்டாமையின் வேரை மாட்டிறைச்சியில் தேடி அம்பேத்கர் 1948-ல் ஒரு நூலே எழுதினார். சாப்பாட்டில் தொடங்கும் கருணை வகுப்பு நம் ஊரில் சாதியில்தான் போய் முடியும். ஜீவகாருண்யத்தை வாழ்வின் மையமாக வைத்த வள்ளலார்கூட 1867-ல் வடலூரில் முதலில் மூட்டியது அடுப்பு. பசித்தவனுக்குச் சோறு போட்டுவிட்டு அப்புறம் பேசினார். கூட்டிக்கொண்டுவந்து உறுதிமொழி வாங்கவில்லை.

பள்ளிக்கூடமும் தன் பங்குக்கு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். குழந்தைகளை அடிப்பதை 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவில் தடைசெய்திருக்கிறது. தடைசெய்ய வேண்டியிருந்தது. பிரம்பைப் பிடித்த கையால் கழுதையை அடிக்காதே என்ற பாடத்தை நடத்திய ஒருவரிடம் நான் படித்திருக்கிறேன். நல்ல ஆசிரியர், குரல் தழுதழுக்கும். தவளை அறுக்கும் மேஜையும் பக்கத்து அறையில் இருந்தது. பிராணிகளை அறுக்கும் பயிற்சியைக் கைவிடச் சொல்லிப் பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் கல்லூரிகளுக்குச் சொல்லும்வரை, உயிரியல் படித்த எத்தனை தலைமுறைகள் மனசை மரக்கச் செய்துகொண்டு மதிப்பெண் வாங்கியிருக்கும்? பிள்ளைகள் சொல்வதைவிட நடப்பதைத்தான் படிக்கிறார்கள்.

பிறகு எதைத்தான் கற்றுக்கொடுப்பது? சட்டத்தின் ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். 'தேவையற்ற' என்ற சொல். 1960-ன் சட்டம் வலியைத் தடைசெய்யவில்லை, தேவையற்ற வலியைத் தடைசெய்கிறது. பிறகு தேவையுள்ளவற்றைப் பட்டியல் போடுகிறது: கொம்பு தீய்த்தல், காயடித்தல், சூடு போடுதல், தெருநாய்களை விஷவாயு அறையில் கொல்லுதல், உணவுக்காகக் கொல்லுதல், மதம் வேண்டுகிற முறையில் கொல்லுதல். மீறினால் முதல் குற்றத்துக்கு 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை அபராதம் என்று எழுதியது. எது தேவை, யாருக்குத் தேவை, யார் சொன்னது என்று கேட்பதற்கு ஒரு பாடவேளை போதாது. ஒரு வருஷம் கேட்கலாம். கான்ட்டும் வள்ளுவரும் அதற்குள் தானாக வந்துவிடுவார்கள்.

இந்தக் கேள்விக்கு உருகுவது உதவாது, விவரம் தெரிய வேண்டும். வண்டியில் முன்பாரம் ஏறினால் மாட்டின் கழுத்தில் அழுந்துகிறது. பின்பாரம் ஆனால் நுகம் மேலே எழும்பிப் பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்குகிறது. வண்டிக்காரனுக்கு இது தெரியும், வகுப்பெடுக்க வருகிறவருக்குத் தெரியாது. பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர் என். எஸ். ராமசாமி மாட்டுவண்டியைப் பற்றி வருஷக்கணக்காகப் பேசியது நுகத்தின் வடிவத்தையும் அச்சின் உராய்வையும்தான். அடிக்காதே என்று சொல்வதற்குப் பதில் அடிக்க வேண்டிய அவசியம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தார். தார்க்குச்சியைப் பிடுங்குவதைவிட இது கடினம். இன்று வண்டி மாடுகள் அருகிவிட்டன. பையனுக்குத் தெரிந்த பிராணி தெருநாய். அதன்மேல் அவனுக்குப் பிரியமும் உண்டு, வெறிநோய் பற்றிய பயமும் உண்டு. பயத்தைக் கல்மனசு என்று அதட்டாமல், கடிபட்டால் என்ன செய்ய வேண்டும், தடுப்பூசி எப்படி வேலை செய்கிறது, நாய் எப்போது கடிக்கும் என்பதிலிருந்து தொடங்கினால் அவன் கேட்பான்.

சாப்பாட்டைத் தொட்டால் சாதி வரும் என்றேன். தொடாமலே இருந்துவிடவும் முடியாது, அது நேர்மையில்லை. 1982-ல் விரிவாக்கப்பட்ட சத்துணவில் 1989-ல் முட்டை சேர்ந்தது. பல வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் உருப்படியான சத்து அதுதான். அதை எடுக்கச் சொல்கிற கருணை எனக்கு வேண்டாம். ஆனால் அந்த முட்டை நாமக்கல்லில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் கோழியினுடையது. ஒரு முழுத்தாளின் பரப்புக்கும் குறைவான இடத்தில், இறக்கையை விரிக்க முடியாமல் அது நிற்கிறது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இதைக் கேள்விப்பட்டு, உண்மைதானா என்று கேட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? சாப்பிடாதே என்று சொல்ல அவருக்கு உரிமையில்லை. கோழி சௌக்கியமாக இருக்கிறது என்று சொல்லவும் உரிமையில்லை. சாக்பீஸை எடுத்துத் தரையில் அந்தக் கட்டத்தை அளந்து வரைந்து காட்டலாம். அவள் சாப்பாட்டுத் தட்டை அதற்குள் வைத்துப் பார்ப்பாள். தட்டு கோட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதன்பின் அவள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு ஆசிரியரிடம் பதில் இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான். கேட்டுக்கொண்டே அவள் முட்டையைச் சாப்பிடவும் கூடும்.